சிறு ஓட்டோமற்றிக் காரில் இலகுரக டிரெயிலர் இழுத்தல்: ஊவா மலைப் பாதைகளுக்கான விளக்கம்

ஊவா மாகாணத்தின் மேட்டு நிலங்களிலே விளையும் மரக்கறி, விளைந்த இடத்திலேயே விலைபோவது அரிது. வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை, பசறை முதலிய பகுதிகளில் போஞ்சி, கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு ஆகியவற்றைச் செய்கை பண்ணும் கமக்காரர், அவற்றைக் கெப்பட்டிப்பொலப் பொருளாதார மத்திய நிலையத்துக்கோ, கிழமைச் சந்தைக்கோ, பெருவீதியில் நிற்கும் லொறிக்கோ கொண்டுசேர்த்தல் வேண்டும். தோட்ட லயங்களின் பின்புறத்திலும் ஓடைக்கரையிலும் சிறு துண்டு நிலத்தில் பயிர் செய்வோருக்கு இவ்விடர் இன்னும் பெரிது. அவர்களுடைய விளைவு ஒரு லொறியை நிரப்பாது, தலைச்சுமைக்கோ மிஞ்சும். மூன்று மூடை, நான்கு மூடை என்ற அளவில் நிற்கும் இவ்விளைவைக் கூலி வாகனத்தில் அனுப்பினால், கையில் மிஞ்சவேண்டிய பணத்தில் ஒரு பங்கு வழியிலேயே தேய்ந்துவிடும். அனுப்பாது ஒருநாள் தாமதித்தாலோ போஞ்சி வாடும், லீக்ஸ் பழுக்கும்.

இத்தகைய சிறு சுமைகளுக்கு இலங்கையில் நெடுங்காலமாக உதவிவருவது பெட்டி பூட்டிய இருசில்லு உழவு இயந்திரமாகும். ‘லாண்ட் மாஸ்டர்’ என்னும் பிரித்தானிய இயந்திரத்தின் பெயரே, பிற கம்பனிகள் செய்த இயந்திரங்களுக்கும் பொதுப்பெயராய் நிலைத்துவிட்டது. எனினும் அதனை எல்லாக் குடும்பத்தாரும் வைத்திருப்பதில்லை. மறுபுறத்தில், வீட்டில் ஒருவர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ உழைத்து வாங்கிய சிறு ஓட்டோமற்றிக் கார் ஒன்று தோட்டப்புறங்களிலும் இன்று காணப்படுகின்றது. 2020ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில், இருக்கும் ஒரு வாகனத்தைக் கொண்டே எல்லா வேலையையும் பார்க்கவேண்டிய நிலை பலருக்கு உண்டாயிற்று. அக்காரின் பின்னே இலகுரக டிரெயிலர் ஒன்றைக் கொழுவினால் என்ன என்னும் எண்ணம் இவ்வாறே பிறக்கின்றது.

எண்ணம் தவறன்று. ஆனால், அதனை ஆராயும்போது பெரும்பாலோர் கேட்கும் கேள்வி தவறானது. “இந்தக் கார் இவ்வளவு பாரத்தை இழுக்குமா?” என்றே கேட்கின்றனர். ஏற்றத்தில் ஒரு முறை ஓட்டிப் பார்த்து, கார் முக்கி முனகியேனும் ஏறிவிட்டால் ஆம் என்று முடிவு செய்கின்றனர். ஊவாவின் பாதைகளிலே கேட்கவேண்டிய கேள்வி வேறு: “இந்தக் கார் இவ்வளவு பாரத்தை இறக்கத்தில் தாங்கி நிறுத்துமா?” இழுக்க இயலாத காரால் நேர்வது தாமதமும் பணச்செலவுமே. நிறுத்த இயலாத காரோ பள்ளத்தில் விழும்.

தொடங்குமுன்

காருடன் வந்த கைநூலைத் தேடியெடுத்து, டிரெயிலர் இழுத்தல் பற்றிய பகுதியை முதலில் வாசித்தல் வேண்டும். கைநூல் யப்பான் மொழியில் இருப்பின் அதனை அறிந்த ஒருவரைக் கொண்டு வாசிப்பித்தல் நன்று. சிறு கார்கள் சிலவற்றின் கைநூலில் டிரெயிலர் இழுத்தல் ஆகாது என்றே எழுதப்பட்டிருக்கும். அவ்வாறிருப்பின் இவ்விளக்கம் அக்காருக்கு உரியதன்று, அதனை மீறி இழுப்போருக்குக் கியர்ப்பெட்டி கெட்டால் ஈடு கிடைப்பது அரிது, காப்புறுதியும் கைவிடக்கூடும். இழுக்கலாம் என்று இருந்து, நிறையும் குறிக்கப்பட்டிருப்பின், அந்நிறையே மேல் எல்லை.

டிரெயிலரும் சட்டத்தின் கண்ணில் ஒரு வாகனமேயாகும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் அதனைப் பதிவு செய்தல் வேண்டும். தம்முடைய சாரதி அனுமதிப்பத்திரம் எவ்வளவு நிறையுள்ள டிரெயிலருக்கு இடந்தருகின்றது என்பதை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதுளை அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்ளல் நன்று. ஊர்ப் பட்டறையில் பழைய அச்சையும் இரண்டு சில்லையும் பொருத்தி ஒட்டிய பெட்டி வயலுக்குள் ஓடலாம்; பெருவீதிக்கு அது உரியதன்று.

கொழுவி, காரின் அடிச்சட்டத்தோடு திருகாணிகளால் இறுக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். பம்பரில் ஒட்டிய கொழுவி முதல் மழைக்காலத்துக்கே தாங்காது. குண்டும் அதன்மேல் அமரும் கிண்ணமும் ஒரே அளவினவா என்பதையும் பார்த்தல் வேண்டும். 50 மில்லிமீற்றர்க் குண்டும் 2 அங்குலக் குண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும் 2 அங்குலம் என்பது 50.8 மில்லிமீற்றர். 2 அங்குலக் கிண்ணத்தை 50 மில்லிமீற்றர்க் குண்டின்மேல் வைத்தால், ஒரு குழியில் சில்லு விழுந்து எழும்பும்போது அது கழன்றுவிடக்கூடும். இதற்குக் காவலாக இரண்டு சங்கிலிகளை, டிரெயிலரின் முன்சட்டத்துக்கு அடியிலே ஒன்றையொன்று குறுக்கிடும்படி கொழுவுதல் வேண்டும். குண்டு கழன்றாலும் அச்சட்டம் நிலத்திற் குத்தாது சங்கிலிகளின்மேல் தொட்டிலிற்போலக் கிடக்கும்.

எத்தனை மூடை?

பிரித்தானியாவில், தனக்கெனப் பிரேக் இல்லாத டிரெயிலரின் நிறை, ஏற்றிய சுமையும் சேர்த்து, காரின் வெறும் நிறையிற் பாதிக்கு மேற்படலாகாது என்பது விதி. அது எவ்வகையிலும் 750 கிலோவைத் தாண்டலாகாது. அந்நாட்டுப் பாதைகளுக்கு அவ்விதி போதும். ஊவாவிலோ, கைநூல் அதற்கும் குறைவாகக் கூறாதவிடத்து, காரின் நிறையில் மூன்றிலொன்றோடு நிறுத்திக்கொள்ளுதலே அறிவுடைமையாகும்.

கார் 800 கிலோ நிறையுடையது எனக் கொள்க. அதில் மூன்றிலொன்று ஏறக்குறைய 260 கிலோ. டிரெயிலரின் வெறும் நிறை 110 கிலோவாயின், ஏற்றக்கூடியது 150 கிலோ. அதாவது, 50 கிலோ உருளைக்கிழங்கு மூடை மூன்று. நான்காவது மூடைக்கு இடமிருக்கும். பெட்டியின் பலகைகளும் தாங்கும். காரும் ஒருவேளை இழுக்கும். அதனாலேயே நான்காவது மூடை ஏறுகின்றது. அதனைத் தொடர்ந்து ஐந்தாவதும் ஏறுகின்றது. பெட்டியின் கொள்ளளவைக் கண்டு பாரத்தை முடிவுசெய்தல் ஆகாது. போஞ்சியும் லீக்சும் பெட்டியை நிரப்பியும் பாரம் மிகாது நிற்கும்; உருளைக்கிழங்கும் ஈரமான சாணஎருவும் பெட்டியின் அடியை மறைக்குமுன்னரே எல்லையைத் தொட்டுவிடும். பார்வையால் மதிப்பிடாது நிறுத்தே ஏற்றுதல் வேண்டும். தோட்டத்தில் வளர்ந்தவருக்கு நிறுவையின் அருமையை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

இன்னுமொன்று. உயரமான இடத்திலே காற்றின் அடர்த்தி குறைவு. அதனால் சாதாரண பெற்றோல் எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீற்றர் உயரத்துக்கும் தன் வலுவில் ஏறக்குறைய பத்திலொன்றை இழக்கின்றது. ஐரோப்பியக் கார்க் கைநூல்கள் பலவற்றில், இதே விகிதத்தில் இழுவைப் பாரத்தையும் குறைக்கும்படி கூறப்பட்டிருக்கும். பதுளை நகர் 700 மீற்றருக்குச் சற்றுக் கீழே இருக்க, பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேலும் அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலும் உள்ளன. கொழும்பிலே சுறுசுறுப்பாக ஓடிய சிறு கார் அப்புத்தளையில் சோம்புவதற்கு இது ஒரு காரணம்.

முன்பாரமும் பின்பாரமும்

1924இல் புகையிரதப் பாதை பதுளையை அடையும் முன்னர், இம்மலைகளின் கோப்பியும் தேயிலையும் மாட்டுவண்டியில் இறங்கின. அரிசியும் உப்பும் மாட்டுவண்டியில் ஏறின. அக்காலத்து வண்டிக்காரருக்கு முன்பாரம் இன்னது, பின்பாரம் இன்னது என்பது கைப்பழக்கம். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்தை நுகம் அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும். இரண்டுக்கும் இடையே, நுகம் சற்றே கழுத்திற் படிந்து நிற்கும்படி அவர்கள் மூடைகளை அடுக்கினர். டிரெயிலருக்கும் அதே அறிவு வேண்டும். நுகம் இருந்த இடத்தில் கொழுவி இருக்கின்றது என்பதே வேற்றுமை.

டிரெயிலரின் மொத்த நிறையில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு கொழுவியின்மேல் அமர்தல் வேண்டும். 260 கிலோவுக்கு இது 20 முதல் 25 கிலோ வரையாகும். அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும் தொங்குதராசு ஒன்றிருந்தால், சுமையேற்றிய டிரெயிலரைச் சமநிலத்தில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முன்சட்டத்தைத் தராசில் தூக்கி, அது கிடையாக நிற்கும்போது முள்ளைப் பார்க்கலாம். குறைவாயிருப்பின் ஒரு மூடையைச் சற்று முன்னே நகர்த்தினாற் போதும்.

பின்பாரம் மிகுந்த டிரெயிலர், வேகம் கூடியதும் பாம்புபோல இருபுறமும் நெளியத் தொடங்கும். நெளிவு ஒருமுறை தொடங்கினால் காரின் பின்புறத்தையும் தன்னோடு இழுத்தாட்டும். அவ்வேளை பிரேக்கைத் திடீரென மிதித்தலும் தவறு; ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிச் சரிக்கட்ட முயலுதலும் தவறு. பெற்றோல் மிதியிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேரே உறுதியாகப் பிடித்துக்கொண்டு, கார் தானாகத் தளரவிடுதல் வேண்டும். பின் வசதியான இடத்தில் நிறுத்தி மூடைகளை முன்னே நகர்த்தியே பயணத்தைத் தொடருதல் தகும்.

முன்பாரத்தை அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வேறொரு கேடு உண்டு. இக்காலத்துச் சிறு கார்களிற் பெரும்பாலானவை முன்சில்லுகளால் இழுப்பவை. பின்புறம் கொழுவி அழுந்த அழுந்த, முன்புறம் தூக்கும். முன்சில்லுகளின்மேல் உள்ள பாரம் குறைந்தால், மழையில் நனைந்த தோட்டப் பாதையின் செங்குத்தான ஏற்றத்தில் அவை பிடிப்பின்றிச் சுழலும். கார் முன்னே செல்லாததோடு, டிரெயிலர் பின்னே இழுக்க, இருபுறமும் வழுக்கும். தோட்டப் பாதையில் இது நேர்ந்தால் தேயிலைச் செடிகள் காக்கக்கூடும். எல்லா இடத்திலும் செடிகள் இருப்பதில்லை.

ஏற்றத்தில்

ஓட்டோமற்றிக் கியர் எல்லாம் ஒரே வகையல்ல. சிலவற்றில் எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையே எண்ணெய் நிறைந்த ஓர் அமைப்பு விசையைக் கடத்துகின்றது. சிலவற்றில் இரண்டு கப்பிகளும் அவற்றைச் சுற்றும் உருக்குப் பட்டியும் உண்டு. கப்பியின் அகலம் மாற மாறக் கியர் மாறுகின்றது. இன்னும் சிலவற்றிலே உள்ளிருப்பது சாதாரணக் கைக்கியரே. கிளச்சை மிதிக்கும் வேலையை மட்டும் ஒரு சிறு இயந்திரம் செய்கின்றது. சாரதிக்கு முன்னே தெரியும் கியர்ப்பிடி ஒன்றுபோலவே இருப்பினும், பாரத்தில் இவை படும்பாடு வெவ்வேறு. ஆயினும் மூன்றுக்கும் பொதுவான பகை வெப்பம்.

ஏற்றத்தில் வண்டிகள் தடைப்பட்டு நிற்கும்போது, பெற்றோல் மிதியை இலேசாக மிதித்துக் காரைப் பின்னே உருளாது நிறுத்திவைக்கும் பழக்கம் பல சாரதிகளிடம் உண்டு. டிரெயிலர் பூட்டிய காருக்கு இது நஞ்சு. முதல்வகையில் எண்ணெய் கொதிக்கும். மூன்றாம் வகையில் கிளச்சுத் தட்டுக் கருகும். நிற்கவேண்டின் கைபிரேக்கை இழுத்து நிற்றல் வேண்டும். நீண்ட ஏற்றத்தில் கியர்ப்பிடியை ‘டீ’யில் விட்டால், கியர் மேலும் கீழுமாக ஓயாது மாறித் தடுமாறும், ‘2’, ‘எல்’, ‘எஸ்’ என அக்காரில் எது குறைந்த கியரைக் குறிக்கின்றதோ அதில் வைத்து, எஞ்சின் சற்று உரத்து ஒலித்தாலும் பொருட்படுத்தாது ஒரே சீராக ஏறுதல் நன்று. வெப்பமுள் உயரக் கண்டால், அகன்ற இடத்தில் ஒதுக்கி, குளிர்கருவியை அணைத்து, எஞ்சினை ஓடவிட்டபடியே ஆறவிடுதல் வேண்டும். எஞ்சின் ஓடினாற்றான் எண்ணெயும் நீரும் சுழன்று ஆறும். ரேடியேற்றர் நீர் கசிந்து வெளியேறக் கண்டால் மட்டும் உடனே நிறுத்துதல் வேண்டும்.

டிரெயிலர் இழுக்கும் காருக்குக் கியர்ப்பெட்டி எண்ணெயைக் கைநூலிற் கூறிய காலத்துக்கு முந்தியே மாற்றுதல் நன்று. எண்ணெய் கறுத்துக் கருகல் நாற்றம் வீசினால் அது முன்னறிவிப்பு. ஒருவகைக் கியர்ப்பெட்டிக்கு உரிய எண்ணெயை இன்னொருவகைக்கு ஊற்றுதல் கூடாது; பட்டிவகைக்கு இது சிறப்பாகப் பொருந்தும்.

இறக்கத்தில்

எல்லயிலிருந்து இராவணா எல்ல நீர்வீழ்ச்சியைக் கடந்து வெல்லவாய செல்லும் வீதியை உதாரணமாகக் கொள்ளலாம். 1,000 மீற்றருக்குச் சற்று மேலிருந்து தொடங்கும் இவ்வீதி, ஏறக்குறைய 27 கிலோமீற்றரில் 200 மீற்றர் உயரம் வரை இறங்கிவிடுகின்றது. 2025 செப்டெம்பரில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பலர் உயிரிழந்ததும் இவ்வீதியிலேயே. பெரகலையிலிருந்து கொஸ்லந்த வழியாக வெல்லவாய செல்லும் வீதியும் இத்தகையதே. பூனாகலைப் பக்கத்திலிருந்து மரக்கறி கொண்டு இறங்குவோர் இதனை நன்கறிவர்.

800 கிலோக் கார், இருவர், 260 கிலோ டிரெயிலர் ஆகியவை சேர்ந்து 1,200 கிலோ. இப்பாரம் 800 மீற்றர் கீழிறங்கும்போது வெளிப்படும் சக்தி முழுவதும் வெப்பமாக மாறினால், அது ஏறக்குறைய 30 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். கோயில் திருவிழாவுக்குத் தேநீர் வைக்கும் பெரிய கிடாரம் ஒன்றை நினைத்துக்கொள்க. இவ்வெப்பத்தில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் ஏற்றுக்கொள்ளும். மற்றதை ஏற்கவேண்டியவை இரண்டே: எஞ்சின், பிரேக். எஞ்சின் ஏற்காததெல்லாம் காரின் முன்சில்லுகளில் உள்ள உள்ளங்கையகலப் பிரேக் துண்டுகளையும் பின்சில்லுகளின் பிரேக்கையும் சேரும். டிரெயிலருக்குப் பிரேக் இல்லையாதலால் அதன் பங்கையும் கார்ப் பிரேக்கே சுமக்கின்றது. மூன்று மூடைக்குப் பதிலாக ஆறு மூடை ஏற்றினால், டிரெயிலரால் வரும் வெப்பம் மாத்திரம் ஒன்றரை மடங்குக்கு மேலாகும்.

கியர்ப்பிடி ‘டீ’யில் இருக்கும்போது ஓட்டோமற்றிக் கார் இறக்கத்தைச் சமநிலம் என்றே கருதும். சாரதி பெற்றோல் மிதியிலிருந்து காலை எடுத்ததும், எரிபொருளை மிச்சப்படுத்தும் பொருட்டு அது உயர்ந்த கியருக்குச் செல்லும். எஞ்சின் வண்டியைப் பிடிப்பதில்லை, வண்டி உருண்டோடுகின்றது. ஆகவே சாரதி பிரேக்கின்மேல் காலை வைத்தபடியே இறங்குகின்றார். கைக்கியர் ஓட்டிப் பழகியவர் தாமாகவே இரண்டாம் கியருக்கு மாற்றியிருப்பார். ஓட்டோமற்றிக்கில் மட்டுமே பழகியவருக்கு, கியர்ப்பிடியை ‘டீ’யிலிருந்து கீழே இழுக்கலாம் என்பதே பலவேளை தெரிவதில்லை. இவ்விளக்கத்தில் ஒன்றை மட்டும் மனத்திற்கொள்ள வேண்டுமாயின் அது இதுவேயாகும்: இறக்கம் தொடங்குமுன், மேலே சமமான இடத்திலேயே, கியர்ப்பிடியைக் குறைந்த கியருக்குக் கொண்டுவருதல் வேண்டும். சில கார்களில் இது ‘எல்’ அல்லது ‘2’, சிலவற்றில் ‘எஸ்’, மின்கலமும் பெற்றோலும் சேர்ந்து ஓடும் கார்களில் ‘பீ’. கடைசியாகக் கூறியவற்றில், மின்கலம் நிரம்பும்வரை அது இறக்கத்தின் சக்தியைச் சேமித்துக் காரைப் பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் அது விரைவில் நிரம்பிவிடும். ‘பீ’ என்ற நிலை எஞ்சினையும் கொண்டு பிடிப்பதற்காக அமைந்தது. எக்காரிலும் இறக்கத்தில் ‘என்’னில் விடுதல் கூடாது. பெற்றோல் மிச்சம் என்று எண்ணி அவ்வாறு செய்வோர் உண்டு. எஞ்சின் ஏற்கவேண்டிய வெப்பத்தையும் அவர் பிரேக்குக்கே அனுப்புகின்றார்.

குறைந்த கியரில் இறங்கும்போதும் வேகம் சிறிது சிறிதாகக் கூடும். மணிக்கு 30 கிலோமீற்றரைத் தாண்டியதும் பிரேக்கை உறுதியாக மிதித்து 20க்குக் கொண்டுவந்து, காலை முற்றாக எடுத்துவிடுதல் வேண்டும். மீண்டும் கூடியபின் மீண்டும் மிதித்தல் வேண்டும். இடையிலுள்ள நேரத்தில் பிரேக் காற்றுப்பட்டு ஆறும். ஓயாது இலேசாக மிதித்தபடி வருதல் மென்மையான ஓட்டம்போலத் தோன்றும்; பிரேக்கை வேகவைப்பது அதுவே. முடக்குகளில் வேகத்தைக் குறைத்தல் முடக்குக்கு முன்னரே முடிந்திருத்தல் வேண்டும். வளைந்துகொண்டிருக்கும்போது அழுத்தி மிதித்தால் டிரெயிலர் காரின் பின்புறத்தை வெளிப்பக்கமாகத் தள்ளும்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ‘டொட் 3’ என்று குறிக்கப்படும் எண்ணெய், புதியதாயின் 205 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்திலேயே கொதிக்கவேண்டும் என்பது அதற்கான நியமம். ஈரம் ஏறிய நிலைக்கு அந்நியமம் 140 பாகை மட்டுமே. கொதித்த எண்ணெயில் ஆவிக் குமிழ் உண்டாகும். அப்போது பிரேக் மிதி, எதிர்ப்பின்றி அடிவரை இறங்கும், கார் நிற்காது. மழையும் மூடுபனியும் மிகுந்த இம்மாகாணத்தில், டிரெயிலர் இழுக்கும் காருக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை பிரேக் எண்ணெயைத் தவறாது மாற்றுதல் வேண்டும். அதன் செலவு ஒரு மூடை மரக்கறியின் விலையோடு வைத்து எண்ணத்தக்கதன்று.

பிரேக் கருகும் நாற்றம் வந்தால், அல்லது மிதி வழமையினும் கீழே இறங்கினால், இன்னும் சிறிது தூரம்தானே என்று எண்ணாது, அகன்ற இடம் கண்டதும் நிறுத்துதல் வேண்டும். சூடேறிய பிரேக்கில் தண்ணீர் ஊற்றலாகாது. தட்டு வளையும் அல்லது வெடிக்கும். நிறுத்தும் முறையிலும் ஒழுங்கு உண்டு. கால்பிரேக்கை மிதித்தபடியே, உடன் வருபவரைக் கொண்டு காரின் சில்லுக்கும் டிரெயிலரின் சில்லுக்கும் முட்டுக்கட்டை வைப்பித்து, கைபிரேக்கை இழுத்து, கால்பிரேக்கை மெல்ல விட்டு, பாரம் கட்டையிலும் கைபிரேக்கிலும் அமர்ந்தபின்னரே கியர்ப்பிடியைக் காரை நிறுத்திவைக்கும் ‘பி’ நிலைக்குக் கொண்டுவருதல் வேண்டும். ‘பி’யில் காரைத் தாங்குவது கியர்ப்பெட்டிக்குள் உள்ள ஒரு சிறு உருக்குப் பல்லே. முழுப் பாரத்தையும் அதன்மேல் சாத்தினால் பிடி பின்னர் எளிதில் விடுபடாது. பல் முறிந்துபோகவும் கூடும். நல்ல மரத்தில் ஆப்பு வடிவாய் அறுத்த முட்டுக்கட்டை நான்கை டிரெயிலரில் எப்போதும் வைத்திருத்தல் வேண்டும். பாதையோரக் கல்லை நம்புதல் தகாது.

லாண்ட் மாஸ்டர் ஓட்டிப் பழகியவர் காருக்கு மாறும்போதும், காரோட்டி லாண்ட் மாஸ்டருக்கு மாறும்போதும் ஒரு வேற்றுமையை உணர்தல் வேண்டும். பக்கக் கிளச்சுள்ள இருசில்லு இயந்திரத்தில், சமநிலத்திலும் ஏற்றத்திலும் இடப்பக்கக் கிளச்சைப் பிடித்தால் இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். செங்குத்தான இறக்கத்திலே, பெட்டி பின்னிருந்து தள்ள, எஞ்சின் பிடித்துக்கொண்டிருக்கும்போது, அதே கிளச்சைப் பிடித்தால் அந்தச் சில்லு விடுபட்டு விரைந்தோடி, இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். இதனை அறியாத புதியவர், பள்ளத்தை விட்டு விலக எண்ணிப் பள்ளத்துக்குள்ளேயே திருப்பிவிடுவர். இறக்கத்தில் கிளச்சைத் தொடாது, கைப்பிடியை உடல் வலிமையால் திருப்புவதே அதற்குரிய முறை.

முடக்குகளும் பின்னோட்டமும்

டிரெயிலரின் சில்லுகள் காரின் சில்லுகள் சென்ற வழியே செல்வதில்லை. வளைவின் உட்பக்கமாக ஒதுங்கிச் செல்லும். எனவே இடப்பக்க முடக்கில் காரை ஓரத்தோடு ஒட்டிச் செலுத்தினால், டிரெயிலரின் சில்லு வாய்க்காலுக்குள் இறங்கும். சற்று விலகிச் சென்று, தாமதித்துத் திருப்புதல் வேண்டும். கொண்டை ஊசி முடக்குகளில் ஒலியெழுப்பி, ஏறிவரும் வாகனத்துக்கு வழிவிட்டு நிற்றல் மலைநாட்டு முறை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய ‘டித்வா’ சூறாவளியின்போது பதுளை மாவட்டத்தின் பல இடங்களில் மண் சரிந்தது. ஓரம் உறுதியாகத் தெரிந்தாலும், டிரெயிலரோடு புல்விளிம்பில் ஏறி வழிவிடுதல் தகாது.

பின்னே செலுத்துதல் கற்றே வரவேண்டிய கலை. சிறிய டிரெயிலர், பெரிய டிரெயிலரைவிட விரைவாக மடியும். ஸ்டியரிங்கின் அடிப்புறத்தில் ஒரு கையை வைத்து, டிரெயிலர் எப்பக்கம் செல்லவேண்டுமோ அப்பக்கமாகக் கையை நகர்த்தினால் குழப்பம் நீங்கும். தோட்டத்து விளையாட்டு மைதானத்தில், வெற்று டிரெயிலரோடு இரண்டு மாலைப்பொழுது பழகினாற் போதும். பழகாமல், சந்தை நாளில் நெரிசலுக்கிடையே முதன்முறை முயல்வோர் கொழுவியை வளைத்துவிடுவர்.

டிரெயிலரில் ஆள் ஏறுதல் எக்காரணத்தாலும் ஆகாது. மூடை சரியாதிருக்கப் பிடித்துக்கொள்ள ஒருவர், பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள் நால்வர், கொழுந்து நிறுத்துத் திரும்பும் பெண்கள் இருவர் என்று உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிச் செல்லும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அவசரத்துக்கு இரங்கி ஏற்றுவோரின் மனம் நல்லதே. ஆனால் டிரெயிலர் கவிழும்போது கார் கவிழாதிருக்கலாம். காருக்குள் இருப்போர் தப்பலாம். பெட்டிக்குள் இருப்போருக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. மூடையைப் பிடிக்க ஆள் வேண்டியதில்லை. நல்ல கயிறும் படங்கும் அதற்குப் போதும்.

புறப்பட்டு முதல் 10 கிலோமீற்றர் சென்றபின் ஒருமுறை இறங்கி, கயிற்றின் இறுக்கத்தையும், கொழுவியின் பூட்டையும், பின்விளக்குகளையும் பார்த்தல் வேண்டும். டிரெயிலரின் சில்லுக் குடத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கலாம். இளஞ்சூடு இயல்பு, கை வைக்க இயலாத சூடாயின், உள்ளிருக்கும் பெயரிங் கிறீஸ் இன்றித் தேய்கின்றது என்பது பொருள். சிறிய சில்லு, கார்ச் சில்லைவிட அதிக முறை சுழல்வதால் டிரெயிலரின் பெயரிங்குக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் கிறீஸ் மாற்றுதல் வேண்டும்.

விற்று முடித்து வெறும் டிரெயிலரோடு திரும்புகையில், மலையேற்றம் இலகுவாயிருக்கும். எனினும் வெற்றுப் பெட்டி குழிதோறும் துள்ளும். அத்துள்ளலிலேயே கொழுவிகள் பெரும்பாலும் தளர்கின்றன. ஆகவே திரும்பும்போதும் வேகம் வேண்டியதில்லை. வீடு சேர்ந்ததும் பெட்டியிலுள்ள மண்ணையும் அழுகிய இலையையும் கழுவி, முன்சட்டத்தைத் தாழ்த்திச் சரித்து நிறுத்தினால், மழைநீர் தேங்காது வடிந்துவிடும். முட்டுக்கட்டைகளை விறகோடு சேர்த்து வைக்காது, பெட்டிக்குள்ளேயே கட்டிவைத்தல் வேண்டும்.